பழைய ஃபோன், புது சிம்: சிங்கப்பூரில் எது கட்டுப்படியாகும்?

தேக்காவிலோ சிம் லிம் சதுக்கத்திலோ 150 வெள்ளிக்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கியாகிவிட்டது. அடுத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எட்டு வெள்ளித் திட்டமா, பத்து வெள்ளித் திட்டமா, எதில் ஜிபி அதிகம்? கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறோம். மாதம் இரண்டு வெள்ளி வித்தியாசம் ஆண்டுக்கு 24 வெள்ளி. ஆனால் எடுத்த சிம்மில் அந்த ஃபோன் பேசவே பேசாது என்று தெரியவந்தால், 150 வெள்ளியும் சேர்ந்து போகும். இங்கே கடையில் வாங்கும் புது ஃபோனில் எந்த சிம்மைப் போட்டாலும் ஓடும். பழைய ஃபோன் அப்படியில்லை. எந்த நாட்டில் விற்கப்பட்டது, எந்த ஆண்டு வந்தது, யார் கையில் இருந்தது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதனால் இந்த ஒப்பீட்டை ஃபோனிலிருந்து தொடங்கி விலைக்கு வருகிறோம்.

யூடியூப் ஓடினால் போதாது

சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது. 3ஜி சேவை 2024 இறுதிவாக்கில் போனது. அதுவரை பழைய 4ஜி ஃபோன்கள் பலவும் ஒரு தந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தன: இணையத்துக்கு 4ஜி, அழைப்பு வந்தால் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசுவது. இப்போது இறங்கப் படி இல்லை. குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்குப் பெயர்தான் வோல்ட்டி. இது இல்லாத ஃபோனில் இணையம் ஜோராக வரும், வாட்ஸ்அப் பேசும், ஆனால் சாதாரண அழைப்பு உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது.

விற்பவர் வைஃபையில் ஒரு பாட்டை ஓடவிட்டு “பார்த்துக்கோங்க, நல்லா ஓடுது” என்பார். ஓடும்தான். அவசரத்துக்கு 995 அழைத்துப் பார்க்கும்போதுதான் வினை தெரியும். முதலாளியும் மருந்தகமும் குழந்தையின் பள்ளியும் வாட்ஸ்அப்பில் அழைப்பதில்லை.

ஐபோனில் கணக்கு எளிது. 5எஸ் வரை வோல்ட்டி கிடையாது, 6 முதல் உண்டு. ஆனால் வாட்ஸ்அப் 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே ஓடுவதில்லை. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. ஆகவே பேசத் தெரிந்தும் பயனில்லாத ஃபோன் அது. எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். ஃபோனின் சில்லுக்கு வோல்ட்டி தெரிந்திருக்கும், மென்பொருளுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் எந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்முக்கு வோல்ட்டியைத் திறப்பது என்று ஒரு பட்டியலை ஃபோனுக்குள் எழுதிவைக்கிறார்கள். சிம்மில் உள்ள எண்ணை வைத்து ஃபோன் அதை அடையாளம் காணும். சிங்கப்பூர் சிம்களெல்லாம் 525 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் சிங்டெல்லுக்கு 01, எம்1-க்கு 03, ஸ்டார்ஹப்புக்கு 05, சிம்பாவுக்கு 10. கொரியாவுக்கோ சீனாவுக்கோ செய்யப்பட்ட ஃபோனின் பட்டியலில் 525 இல்லையென்றால், அமைப்புகளில் வோல்ட்டி பொத்தானே தெரியாது. பெரிய நிறுவனத்தின் வலைப்பின்னலை வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்ன பிராண்டுகளின் சிம்மை ஃபோன் வேறு ஆளாக எண்ணிவிடுவதும் உண்டு. ஒரே கோபுரம்தான், சிங்டெல் சிம்மில் பேசுகிறது, அதன் மேல் ஓடும் சின்ன பிராண்டில் பேச மறுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சீனச் சந்தைக்கான ஷாவ்மி ஃபோன்களில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. டயல் பலகையில் *#*#86583#*#* என்று அடித்தால், எந்த நிறுவனத்தின் சிம் என்று பட்டியலில் பார்க்கும் அந்தப் பரிசோதனை விலகும். பிறகு அமைப்புகளில் வோல்ட்டியைத் திறக்கலாம். மென்பொருளைப் புதுப்பித்தபின் சில நேரம் மறுபடி அடிக்க வேண்டிவரும். மற்ற நிறுவனங்களின் ஃபோன்களில் இப்படி நம்பகமான வழி இல்லை. கடைக்காரர் “செட்டிங் பண்ணித் தரேன்” என்றால் அவர் கண்முன்னே அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் சிம்மையோ, நீங்கள் எடுக்க நினைக்கும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பருடைய சிம்மையோ அதில் போடுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். இது முக்கியம், வைஃபை வழி அழைப்பு வசதி இருந்தால் வோல்ட்டி இல்லாத குறை மறைந்துபோகும். ஒரு எண்ணுக்கு அழைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலே பாருங்கள்: 4ஜி அல்லது எல்டிஇ குறி அப்படியே நிற்க வேண்டும். அழைப்பு ஓடும்போதே ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் வோல்ட்டி வேலை செய்கிறது. அடுத்து, வெளியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். போகும் அழைப்பு சரியாக இருந்து வரும் அழைப்பு மட்டும் தவறும் ஃபோன்களும் இருக்கின்றன. குறுஞ்செய்தி ஒன்று அனுப்பி, ஒன்று வாங்குங்கள். இணையம் மட்டும் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். ஏபிஎன் அமைப்பை, அதாவது நிறுவனத்தின் இணையத்தோடு ஃபோன் சேரும் வழியைக் குறிக்கும் பெயரை, கையால் சேர்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெளிநாட்டு ஃபோன்களில் சின்ன பிராண்டுகளின் ஏபிஎன் தானாக நிரம்புவதில்லை, அவ்வளவே.

நான்கு வலைப்பின்னல், பல பெயர்கள்

பதாகைகளில் பத்துப் பதினைந்து பெயர்கள் மின்னினாலும் அடியில் சொந்தமாக அலைவரிசை வைத்திருக்கும் பெயர்கள் நான்குதான்: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. கோமோ சிங்டெல்லின் பிள்ளை. கீகாவும் எய்ட்டும் ஸ்டார்ஹப்பின் மேல் ஓடுகின்றன. மேக்ஸ் எம்1-க்குச் சொந்தம். இவை போக ஸீரோ1, விவிஃபை, ரெட்ஒன் என்று வாடகைக்கு ஓடுபவை தனி. ஆகவே “ஸ்டார்ஹப் எங்க புளோக்கில் எடுக்கவில்லை, கீகாவுக்கு மாறுகிறேன்” என்பது வீடு மாறாமல் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

பழைய நிறுவனங்கள் மூன்றும் 4ஜிக்கு 1800 மெகாஹெர்ட்ஸை, அதாவது பேண்டு 3-ஐப் பெரிதும் நம்பியிருக்கின்றன; கூடவே 900, 2600 மெகாஹெர்ட்ஸ். பேண்டு 3 உலகின் பெரும்பாலான ஃபோன்களில் இருக்கிறது. அதனால் எங்கிருந்தோ வந்த ஃபோனுக்கு இந்த மூன்றும் அவற்றின் துணைப் பிராண்டுகளும்தான் ஆபத்துக் குறைந்த வழி.

சிம்பா வேறு சாதி. டிபிஜி என்ற பெயரில் வந்து 2022-இல் பெயர் மாறிய இந்த நான்காவது நிறுவனத்திடம் தொடக்கத்திலிருந்தே 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 4ஜியில் அது பயன்படுத்துவது 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 8, 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 40, 2500-ஐ ஒட்டிய பேண்டு 38. உங்கள் ஃபோனில் 8-உம் 40-உம் இரண்டும் இருந்தால் கவலையில்லை. 40 இல்லாமல் 8 மட்டும் இருந்தால் சிக்னல் கோடு நிறையத் தெரியும், வேகம் இருக்காது. 8 இல்லாமல் 40 மட்டும் இருந்தால் வெட்டவெளியில் பறக்கும், மின்தூக்கிக்குள்ளும் வீட்டின் உள்ளறையிலும் தடுமாறும். உயர்ந்த அலைவரிசை கான்கிரீட்டைத் துளைக்கச் சிரமப்படும். அமெரிக்கச் சந்தைக்கு வந்த மலிவு மாடல்களில் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போவது உண்டு. ஃபோனின் மாடல் எண்ணை அமைப்புகளில் ‘ஃபோனைப் பற்றி’ பகுதியில் பார்த்து, அந்த எண்ணைத் தேடிப் பேண்டு பட்டியலைப் பாருங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாடல் எண் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பேண்டு வேறு.

இன்னொரு கோணமும் உண்டு. சிக்னல் பலவீனமான இடத்தில் ஃபோன் ஓயாமல் கோபுரத்தைத் தேடும், மின்கலம் கரையும். புது ஃபோனில் இது தெரியாது. மூன்று வருடம் உழைத்து மின்கலத் திறன் 80 விழுக்காட்டுக்கு வந்துவிட்ட ஃபோனில் மதியமே சார்ஜர் தேட வேண்டியிருக்கும். தங்குவிடுதி அறை, வேலையிடம், வீடு ஆகிய மூன்று இடத்திலும் எந்த நிறுவனம் நன்றாக எடுக்கிறது என்று அங்கேயே இருப்பவர்களிடம் கேட்பதற்கு இணையான சோதனை வேறில்லை.

5ஜிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா? பழைய ஃபோனுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 4ஜி ஃபோனில் 5ஜித் திட்டம் 4ஜியாகத்தான் ஓடும். 5ஜி ஃபோனாகவே இருந்தாலும் பேண்டுப் பொருத்தம், மென்பொருள் அனுமதி என்று அதே கதை இன்னொரு முறை வரும். திட்டத்தோடு இலவசமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தமா, சிம் மட்டுமா, ப்ரீபெய்டா

ஃபோனோடு சேர்ந்த 24 மாத ஒப்பந்தத்தை இந்தக் கட்டுரை வாசகர்கள் ஏற்கெனவே ஒதுக்கியிருப்பார்கள். ஆனாலும் கணக்கை ஒருமுறை போட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, மாதம் 40 வெள்ளிக்கு “பூஜ்யம் வெள்ளி ஃபோன்” கொடுக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுக்கு 960 வெள்ளி கட்டுகிறீர்கள். 180 வெள்ளிக்குப் பழைய ஃபோன், 30 நாளுக்குப் பத்து வெள்ளி சிம் என்றால் அதே காலத்துக்கு 180-உம் 243-உம் சேர்த்து 423. நடுவில் மின்கலம் மாற்ற 60 வெள்ளி போனாலும் ஐந்நூறைத் தொடாது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கோணம்: அனுமதிக்காலம் ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே முடிந்தால், பாதியில் துண்டித்ததற்கு அபராதம் கட்ட வேண்டிவரும்.

மிச்சம் இருப்பவை இரண்டு: ஒப்பந்தமில்லாத ‘சிம் மட்டும்’ திட்டம், ப்ரீபெய்டு. விலைப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழகிப் பார்த்தால் வேறு வேறு.

‘சிம் மட்டும்’ திட்டத்தில் பெரும்பாலும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாகப் பதிந்து, வங்கி அட்டையை இணைத்து, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கவிடுகிறீர்கள். சிம்பா பத்து வெள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது 50 ஜிபி கொடுத்தது. அதன்பின் போட்டியில் எல்லாரும் ஜிபியை ஏற்றிக்கொண்டே போய்விட்டார்கள். எய்ட் என்ற பெயரே எட்டு வெள்ளியிலிருந்து வந்ததுதான். ஆகவே எட்டிலிருந்து பதினைந்து வெள்ளிக்குள் நல்ல திட்டம் கிடைக்கும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். துல்லியமான விலையும் ஜிபியும் பண்டிகைக்குப் பண்டிகை மாறும். இதில் ஆபத்து ஜிபியில் இல்லை, அட்டையில் இருக்கிறது. வங்கி அட்டை காலாவதியாகி, கணக்கில் பணமில்லாமல் போய், அல்லது மோசடிப் பயத்தில் அட்டையைப் பூட்டிவைத்திருந்தால், பணம் எடுக்க முடியாமல் இணைப்பு நிற்கும். அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் போகும், அதை யார் பார்க்கிறார்கள்? சில வாரத்தில் எண்ணே போய்விடும்.

ப்ரீபெய்டில் கடப்பிதழையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டிப் பதிவுசெய்து, ரொக்கத்தில் டாப்-அப் செய்யலாம். விடுதி மினிமார்ட், பணம் அனுப்பும் கடை, 7-இலெவன், எல்லா இடத்திலும் கிடைக்கும். சிங்பாஸ், அட்டை எதுவும் தேவையில்லை என்பது புதிதாக வந்து இறங்கியவர்களுக்குப் பெரிய வசதி. குறை என்ன? இரண்டு காலக்கெடு ஒரே நேரத்தில் ஓடும்: டேட்டா பேக்கின் நாள் ஒன்று, சிம்மின் ஆயுள் இன்னொன்று. டேட்டா பேக் முடிந்தது தெரியாமல் இணையத்தைத் திறந்துவைத்தால் முதன்மைக் கையிருப்பிலிருந்து எம்பிக்கு எம்பி கழியும். அது பேக் விலையைவிடப் பன்மடங்கு. பேக் முடியும் நாளில் மொபைல் டேட்டாவை அணைத்து, புது பேக் வாங்கியபின் திறப்பது நல்ல பழக்கம். சில நிறுவனங்களில் “முதன்மை இருப்பைத் தொடாதே” என்ற விருப்பமும் உண்டு. கேட்டால் போட்டுத் தருவார்கள்.

பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் பெரிய எழுத்தில் ஜிபி, சிறிய எழுத்தில் நாள். சிறிய எழுத்தையும் படியுங்கள். 30 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12.17 முறை கட்டுகிறீர்கள். 28 நாள் திட்டம் என்றால் 13.04 முறை. 28 நாளுக்கு 9.50 வெள்ளி வாங்கும் திட்டம் ஆண்டுக்குச் சுமார் 124 வெள்ளி ஆகிறது. 30 நாளுக்குப் பத்து வெள்ளி வாங்குவது 122-க்குள் அடங்கும். மலிவாகத் தெரிவதுதான் விலை கூடியது. பொருள் சேவை வரி 9 விழுக்காடு விலையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே வேகத்தில் பார்த்துவிடுங்கள். முதல் சிம்முக்கும் அனுப்புவதற்கும் தனிக் கட்டணம் இருக்கலாம்.

எங்கள் தேர்வு: சிங்பாஸும் வங்கிக் கணக்கும் உள்ளவர்கள் 30 நாள் ‘சிம் மட்டும்’ திட்டம். வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள், மாதம் முழுக்கத் தொடர்ந்து இணைப்புத் தேவைப்படாதவர்கள் ப்ரீபெய்டு. பேரன் பேத்தியிடம் பேச மட்டும் ஃபோன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு, ஜிபி குறைந்து அழைப்பு நிமிடம் நிறைந்த திட்டம். வருமானம் குறைந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சலுகை விலையில் ஃபோனும் திட்டமும் தருகிறது. பழைய ஃபோன் தேடப் போகும் முன் அதற்குத் தகுதி இருக்கிறதா என்று சமூக மன்றத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எத்தனை ஜிபி போதும்

200 ஜிபி, 300 ஜிபி என்று பார்த்ததும் கை நீளும். உண்மையில் எவ்வளவு செலவாகிறது? வாட்ஸ்அப்பில் வெறும் குரல் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 50 எம்பி. முகம் பார்த்துப் பேசினால் மணிக்குச் சுமார் 300 எம்பி. யூடியூபை 480 தரத்தில் வைத்தால் மணிக்கு அரை ஜிபியைக் கொஞ்சம் தாண்டும்; 1080 தரத்தில் இரண்டு ஜிபியை நெருங்கும். சிறு வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது மணிக்கு ஒரு ஜிபி. இரவு ஊருக்கு ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசி, ஒரு மணி நேரம் படமும், ஒரு மணி நேரம் சிறு வீடியோவும் பார்ப்பவருக்கு முப்பது நாளில் 55-லிருந்து 60 ஜிபி. விடுதியில் வைஃபை இருந்தால் இதில் பாதிகூட வராது. நூலகம், கடைத்தொகுதி, எம்ஆர்டி நிலையங்களில் உள்ள வயர்லெஸ்@எஸ்ஜி இலவச வைஃபையும் இருக்கிறது. ஆகவே நூறு ஜிபிக்கு மேல் தருவதற்காகக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். அந்தக் காசை இந்தியாவுக்கு அழைப்பு நிமிடமோ ரோமிங்கோ தரும் திட்டத்துக்குக் கொடுங்கள். கிராமத்து வீட்டில் இணையம் நிற்கும் நாளில் அம்மாவின் சாதாரண ஃபோனுக்கு அழைக்க அதுதான் உதவும்.

உட்லண்ட்ஸ், மார்சிலிங், துவாஸ் பக்கம் இருப்பவர்கள் ரோமிங்கைக் கவனிக்க வேண்டும். ஜோகூர் கோபுரங்களின் சிக்னல் நீரிணையைத் தாண்டி வரும். சொந்த நிறுவனத்தின் சிக்னல் மங்கும் இடத்தில் ஃபோன் எதிர்க்கரைக்குத் தாவிவிடும். டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்து, நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றிக் கையால் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வெளிநாட்டு அழைப்புகளை முழுவதும் தடுக்கும் வசதியை நிறுவனங்கள் இப்போது தருகின்றன, மோசடிக்காரர்களிடமிருந்து காக்க. முதியவர்களுக்கு நல்லது. ஆனால் ஊரிலிருந்து சாதாரண அழைப்பு வரும் வீட்டில் அந்தத் தடையைப் போட்டுவிட்டு, “அக்கா ஏன் கூப்பிடவே இல்லை” என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டு சிம், அல்லது சிம்மே இல்லாத ஃபோன்

ஊர் வங்கியின் ஓடிபி வரும் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இரட்டை சிம் ஃபோன் கட்டாயம். இந்திய சிம்மை இரண்டாவது தட்டில் போட்டு, அதன் மொபைல் டேட்டாவையும் டேட்டா ரோமிங்கையும் அணைத்து, அழைப்புக்கும் டேட்டாவுக்கும் சிங்கப்பூர் சிம்மை முதன்மையாக வையுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த எண்ணில் வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்துவைக்க வேண்டும். இங்கே வந்தபின் திறப்பது பெரிய பாடு. ஊர் எண்ணுக்கும் காலாவதி உண்டு, ரீசார்ஜை மறக்காதீர்கள்.

இங்கேதான் வெளிநாட்டு ஐபோன்கள் காலை வாரும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் தட்டே இல்லை, அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டை சிம்மை வைக்க இடமிருக்காது. மாறாக, சீனா, ஹாங்காங் சந்தைக்கு வந்த பல ஐபோன்களில் இரண்டு அட்டை சிம் போடலாம், ஆனால் இ-சிம் கிடையாது. ஆண்ட்ராய்டில் *#06# அடித்தால் இஐடி என்ற நீண்ட எண் வந்தால் இ-சிம் உண்டு என்று அறிக.

இ-சிம் வசதியானதுதான். இருந்தும் பழைய ஃபோனுக்கு அட்டை சிம்மையே பரிந்துரைக்கிறோம். திரை உடைந்தோ தண்ணீரில் விழுந்தோ ஃபோன் போய்விட்டால், அட்டையை உருவி நண்பரின் ஃபோனில் போட்டு அரை நிமிடத்தில் எண்ணை மீட்கலாம். இ-சிம் அந்தச் செத்த ஃபோனுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை பயன்படுத்திய கியூஆர் குறியீடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. புதிதாக வாங்க வேறு ஃபோனும் இணையமும் வேண்டும், சில இடத்தில் கட்டணமும் வேண்டும்.

ஃபோனை வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

ஐபோனில் அமைப்புகள், பொது, அறிமுகம் என்று போனால் ஒரே தொலைபேசி நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியிருக்கிறதா என்று காட்டும் நிறுவனப் பூட்டு என்ற வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று வர வேண்டும். முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் கணக்கோ கூகல் கணக்கோ வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். கடையிலேயே ஒருமுறை முழுதாக அழித்து, மறுபடி தொடங்கும்போது பழைய கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வாங்காதீர்கள். அலுவலகம் கொடுத்த ஃபோன் என்றால் அந்த அலுவலகம் போட்ட நிர்வாகப் பூட்டு, அழித்தபின் இணையத்தோடு சேரும்போதுதான் எட்டிப்பார்க்கும். ஆகவே அழித்தபின் வைஃபையில் இணைத்து முகப்புத் திரை வரை போய்ப் பார்ப்பது அவசியம்.

கடையில் வாங்குவதற்கும் இணையத்தில் தனியாரிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும்: வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. தனியாள் தனியாளிடம் விற்றதற்கு இது பொருந்தாது. இருபது வெள்ளி மிச்சமாகிறது என்று எம்ஆர்டி நிலைய வாசலில் கைமாற்றும்போது இழக்கும் பாதுகாப்பு இதுதான். கடை ரசீதில் மாடல் எண்ணும், ஃபோனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் எழுதச் சொல்லுங்கள்; *#06# அடித்து ரசீதோடு ஒப்பிடுங்கள்.

மென்பொருள் வயதும் திட்டத்தைப் போலவே முக்கியம். சிங்பாஸ் செயலியும் வங்கிச் செயலிகளும் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. ரூட் செய்த, அதாவது மென்பொருளின் பாதுகாப்புப் பூட்டை உடைத்த ஃபோனிலும், சந்தேகமான செயலிகளைக் கடைக்கு வெளியிலிருந்து போட்ட ஃபோனிலும் வங்கிச் செயலி திறக்க மறுக்கும். வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து, செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் மின்னிலக்க டோக்கனுக்கு நகர்ந்துவிட்டதால், வங்கிச் செயலி ஓடாத ஃபோன் எத்தனை மலிவான சிம்மோடு வந்தாலும் சம்பளக் கணக்கைத் திறக்க உதவாது. டோக்கனைப் புது ஃபோனுக்கு மாற்றினால் அது செயல்பட 12 மணி நேரமாவது ஆகும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் ஃபோன் மாற்றாதீர்கள்.

சிம்மைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே யார் பெயரிலோ பதிந்த ப்ரீபெய்டு சிம்மைச் சிலர் ஒன்றிரண்டு வெள்ளி குறைத்து விற்பார்கள். வாங்காதீர்கள், நாளை எண் தொலைந்தால் மீட்க உங்களுக்கு உரிமையே இருக்காது. உங்கள் பெயரில் எடுத்துப் பிறருக்கு விற்பது அதைவிட மோசம். ஒருவர் மூன்று ப்ரீபெய்டு சிம்தான் வைத்திருக்கலாம். 2025 சனவரி முதல் குற்றச்செயலுக்குப் பயன்படும்படி சிம்மைக் கைமாற்றுவது தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மாறும் நாள்

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு நடப்பது வரிசையில். பழைய இணைப்பை நீங்களே போய் ரத்து செய்தால் எண் போச்சு. புது நிறுவனத்தில் பதியும்போது “என் எண்ணைக் கொண்டுவருகிறேன்” என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், பழையது தானாக முடியும். இரண்டு இடத்திலும் பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய இணைப்பு மாமா பெயரிலோ முதலாளி பெயரிலோ இருந்தால் முதலில் பெயரை மாற்றுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். வேலை நாளாகப் பார்த்துத் தேதி போடுங்கள். பொதுவாக ஒரு வேலை நாளில் முடியும். குறித்த நாளில் பழைய சிம்மின் சிக்னல் போகும். அப்போது புது சிம்மைப் போட்டு, ஃபோனை ஒருமுறை அணைத்து எழுப்பி, வைஃபை இல்லாமல் ஒரு அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, ஒரு வங்கிச் செயலி என்று மூன்றையும் பாருங்கள். ப்ரீபெய்டிலிருந்து மாறினால் மிச்சக் கையிருப்பு கூட வராது. அதைத் தேதிக்கு முன்பே ஊருக்குப் பேசித் தீர்த்துவிடுங்கள்.